கானாவில் தங்கம் தேட: எந்த உரிமம்?

கானாவின் 2006ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில் தேடலுக்கு இரண்டு உரிமங்கள். விண்ணப்பம் இரண்டுக்குமே கனிம வளத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பான மினரல்ஸ் கமிஷனில்தான், வழங்குவது அமைச்சர்.

ரெக்கனைசன்ஸ் (மேலோட்டமான தேடல்) உரிமத்தில் இடம் தாராளம்: 5,000 பிளாக் வரை. ஒரு பிளாக் 21 ஹெக்டேர், ஆக மொத்தம் 1,050 சதுர கிலோமீட்டர். ஆனால் காலம் ஓராண்டுதான். ஓடை மண்டியை அள்ளிச் சோதிக்கலாம், வான்படங்களை அலசலாம். துளையிடுவதற்கு உரிமத்திலேயே தனியாக எழுதியிருக்க வேண்டும்.

ப்ராஸ்பெக்டிங் (ஆழமான தேடல்) உரிமத்தில் 750 பிளாக்தான் உச்சம், காலம் மூன்றாண்டு. துளையிடலாம், குழி வெட்டலாம். சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் ரிக்கை (துளையிடும் இயந்திரத்தை) இறக்க முடியாது, காடு என்றால் வனத்துறை ஆணையமும் சம்மதிக்க வேண்டும். அப்புறம் ஒரு கண்டிஷன்: முதல் காலம் முடிவதற்குள் பாதி இடத்தையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும், கையில் மிஞ்சுவது 125 பிளாக்குக்குக் கீழே போகாதவரை. இடத்தை வளைத்துப்போட்டுச் சும்மா இருப்பவர்களுக்கு வைத்த ஆப்பு இது, நியாயமானதுதான்.

ஒபுவாசி, டார்க்வா மாதிரி நூறாண்டாகத் தங்கம் தோண்டும் பகுதிக்குப் பக்கத்தில் காலி இடம் கிடைத்தால், நேரே ப்ராஸ்பெக்டிங்குக்குப் போவேன். யாரும் சரியாகத் தேடாத பகுதி என்றால் ரெக்கனைசன்ஸ்தான் சிக்கனம்.