வெட்டிவிடுவதா, உடன் நிற்பதா?

கொரோனா தொற்றுக் காலத்தில், தனக்குச் சரக்கு செய்து தரும் சப்ளையரிடம் சிறுவர்கள் வேலை செய்வது தெரியவந்தால் நிறுவனத்துக்கு இரண்டு வழிகள். ஒப்பந்தத்தை முறிப்பது சுலபம். ஒரு கடிதம் போதும், பெயரும் தப்பும். ஆனால் 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஆலை வாசலில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளை வகுப்புக்கா போகும்? யார் கணக்கிலும் வராத பட்டறைக்குப் போகும், இன்னும் குறைந்த கூலிக்கு.

உடன் நின்று திருத்துவது செலவு பிடிக்கும்: பிள்ளைக்குப் பதில் வீட்டுப் பெரியவருக்கு வேலை, பள்ளி திறக்கும்வரை உதவித்தொகை, முடித்த சரக்குக்கு உரிய நேரத்தில் பணம். கடைசியதுதான் முக்கியம் என்பேன். அந்த ஆண்டு, தைத்து முடித்த ஆடைகளுக்கே பணம் தர மறுத்த நிறுவனங்கள் உண்டு. (அவற்றில் பலவற்றிடம் குழந்தை உழைப்பு எதிர்ப்பு நெறிமுறையும் இருந்தது!)

ஆபத்தான வேலை என்றால் பிள்ளையை அன்றே விடுவிக்க வேண்டும். அதன்பிறகும் மறைக்கும் சப்ளையருக்கு அந்த ஒற்றைக் கடிதம்தான்.