இன்ஸ்டாக்ஸ் மினி 12: ஒரு வருசம் கையில வெச்சிருந்து எழுதறேனுங்க

போன வருசம் சித்திரையில வாங்குனது. என்ற போன்ல பன்னண்டாயிரம் போட்டோ கெடக்குது, அதுல இது எங்க எடுத்தது இதுல நிக்கறது யாருன்னு கேட்டா பாதிக்கு எனக்கே பதில் தெரியாது. இந்த கேமராவுல ஒரு வருசத்துல எடுத்தது அறுபது சொச்சம் படம், ஒவ்வொன்னுக்கும் உக்காந்து கதை சொல்லுவேன், அத நெனைச்சதும் எழுதோணும்னு தோணுச்சு.

மொதல்ல சாமானப் பத்தி சொல்லீர்றேன். புஜிபிலிம் கம்பெனி 2023ல விட்ட மாடல், அமுக்குனதும் படத்த அப்பவே ஷீட்டா வெளிய தள்ளற கேமரா. செவுத்துக் கடியாரத்துக்குப் போடற செல்லு ரெண்டு போட்டா போதும், நூறு படம் வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கான். ஒரு பிலிம் பாக்கெட்டுல பத்து ஷீட். படம் மட்டும் 62க்கு 46 மில்லிமீட்டர், வெள்ளை பார்டரோட சேத்துனா ஏடிஎம் கார்டு சைசு, சட்டைப் பாக்கெட்டு பர்சு எதுலயும் அடங்கிரும். கீழ தடிமனா ஒரு வெள்ளைப் பட்டி இருக்குதுங்களே, மருந்து அதுக்குள்ள தான் இருக்குது, ஷீட்டு வெளிய வர்றப்ப ரெண்டு உருளைக்கு நடுவுல நசுங்கி படம் முழுக்கப் பரவும். அதனால யாரு சொன்னாலும் ஒதறாதீங்க, ஒதறுனா சீக்கிரம் வராது, கெட்டுப்போகத்தான் வாய்ப்பு. நெழல்ல அப்புடியே புடிச்சிருந்தா தொண்ணூறு செகண்டுல தெளிஞ்சிரும்.

அந்த தொண்ணூறு செகண்டுக்குத் தான் நான் காசு குடுத்தேன்னு சொல்லுவேனுங்க. போன்ல எடுத்தா காட்டுவோம், நல்லாருக்குதும்பாங்க, அவிய வேலைய பாக்கப் போயிருவாங்க. இதுல வெள்ளைத் தாளப் பாத்துக்கிட்டே ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கோணும், சும்மா நிக்க முடியாம அவிங்களா பேச ஆரம்பிப்பாங்க.

வாங்குன மொத வாரமே கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு எடுத்துட்டுப் போனேன். ஒரு பெரியவரு, எழுவது வயசு இருக்கும், ஒத்தைக் காளையப் புடிச்சுட்டு நின்னாரு. ஏனுங்கய்யா ஒரு படம் எடுத்துக்கட்டுங்களான்னு கேட்டேன். "என்னைய எதுக்கு, மாட்ட மட்டும் எடு கண்ணு"ன்னாரு. எடுத்து ஷீட்ட அவரு கையிலயே குடுத்தேன். "ஒன்னுமில்லையே"ன்னாரு, இருங்கய்யா வந்துரும்னேன். அந்த நேரத்துல தான் சொன்னாரு, இது எங்க சாளையில பொறந்ததுங்க, பொறந்தப்ப செக்கச்செவேல்னு இருந்துச்சு, ஆறு மாசத்துல மயிலை, அதான் சாம்பல் நெறம், ஆயிருச்சுன்னு. காங்கேயம் கன்னு எல்லாமே அப்புடித்தான், செவப்பா பொறந்து அப்பறம் நெறம் மாறும், ஆனா அவரு இது ஒன்னுக்குத் தான் அப்புடி நடந்த மாதிரி சொல்லிட்டிருந்தாரு. இந்த பிலிம்ல கருப்பு தான் மொதல்ல தெரியும். திமிலும் கழுத்தும் வந்துச்சு, கொம்பு வந்துச்சு, அதுக்குள்ள வாங்குனவிங்க டெம்போவ பின்னாடி எடுத்துட்டு வந்து காளைய ஏத்திட்டாங்க. படம் முழுசா தெளிஞ்சப்ப காளை வண்டியில நின்னுது. அவரு படத்த ரெண்டு தடவ பாத்துட்டு, இடுப்புல கட்டியிருந்த பச்சைப் பெல்ட்டுல காசு வெச்ச பக்கம் வெக்காம இன்னொரு பக்கம் தனியா வெச்சுக்கிட்டாரு. அந்தப் படம் என்கிட்ட இல்லீங்க, ஒரே ஒரு பிரதி தான் வரும், அது அவருகிட்ட.

திருப்பூர்ல கூட்டாளியோட பனியன் கம்பெனியில நைட் ஷிப்டு டீ டயத்துல ஓவர்லாக் அடிக்கற ஒரு தம்பிய எடுத்தேன், ஒடிசாவுல இருந்து வந்தவன். படம் வர்ற வரைக்கும் பேசுனதுல, அவன் கத்துக்கிட்ட மொத தமிழே டவுன் பஸ் கண்டக்டர் சொன்ன "உள்ள ஏறு, உள்ள ஏறு" தானாம், பேருன்னு நெனைச்சு ஒரு வாரம் எல்லாத்தையும் அப்புடியே கூப்பிட்டிருக்கான். படத்த செல்போன் கவருக்குப் பின்னாடி சொருகிட்டான், ஊருக்குப் போறப்ப அம்மாவுக்குக் குடுக்கறதுக்கு.

வீட்டுல எடுத்ததுல எனக்குப் புடிச்சது, அம்மாவும் அத்தையும் சந்தகை, அதான் இடியாப்பம் மாதிரி, புழியறது. ரெண்டு பேரும் கைபுடிய சுத்தறப்ப ஆவி அடிச்சு அத்தை மூஞ்சிய திருப்பிச் சிரிக்குது, அப்ப அமுக்குனேன். அந்த சந்தகை மிசினு அம்மாவுக்கு எங்கப்புச்சி சீரா குடுத்தது, அத வாங்க ஒரு கெடாய வித்தாருங்கறது எனக்கு அன்னைக்குத் தான் தெரியும். முப்பது வருசமா அதுல புழிஞ்ச சந்தகைய தேங்காப்பாலு ஊத்தித் தின்னுருக்கறேன், ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப பார்டர்ல தேதி போட்டு "கெடா வித்த மிசின்"னு எழுதி சமையக்கட்டு காலண்டர்ல சொருகி வெச்சிருக்குது.

வாங்கறவிங்க தெரிஞ்சுக்க வேண்டியது சிலது. பிளாஷ் ஒவ்வொரு படத்துக்கும் அடிக்கும், நிறுத்தற வசதி இல்ல, அது 2.2 மீட்டர் வரைக்கும் தான் எட்டும். எங்க மாரியம்மன் நோம்பிக்கு பூவோடு, அதான் தீச்சட்டி, எடுக்கறத தள்ளி நின்னு படம் எடுத்தேன், நெருப்பு மட்டும் புள்ளியா வந்து மத்ததெல்லாம் இருட்டு, மேனுவல படிக்காம எடுத்தது என் தப்பு. மூஞ்சிக்கிட்ட எடுக்கோணும்னா லென்ச இன்னொரு சுத்து சுத்தி 30ல இருந்து 50 சென்டிமீட்டருக்குள்ள நில்லுங்க, செல்பிக்கு முன்னாடி சின்னக் கண்ணாடி இருக்குது. பிலிம் உள்ள இருக்கறப்ப பின் கதவத் தொறக்கக் கூடாது, அக்கா பையன் தொறந்து ஆறு ஷீட்டு வெளிச்சம் பட்டுப் போச்சு. அப்பறம் வெய்யில். 40 டிகிரிக்கு மேல பிலிமுக்கு ஆகாது, நம்ம ஈரோட்டுப் பக்கம் பங்குனி சித்திரையில கதவடைச்ச காருக்குள்ள வெச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க. நான் ஈரமில்லாத துணிப்பையில சுத்தி கொண்டு போறது.

செலவு தான் கையக் கடிக்குது. ஒரு ஷீட்டுக்கு அம்பது ரூபாய்க்கு மேல ஆகுது, அதனால கண்டதையும் அமுக்க மனசு வராது, எனக்கு அது புடிச்சிருக்குது, கல்யாண வீட்டுல எல்லாத்துக்கும் எடுத்துக் குடுக்கோணும்னு நெனைக்கறவிங்களுக்குக் கட்டாது. பிலிம் வாங்கறப்ப டப்பாவுல தேதி பாத்து வாங்குங்க, ஆன்லைன்ல ஒருத்தருகிட்ட வாங்குனது தேதி முடிஞ்சு எட்டு மாசம் ஆனது, மூஞ்சியெல்லாம் மஞ்ச பூசுன மாதிரி வந்துச்சு, திருப்பிக் குடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுப்பேன், அரை கொறைச்சது பிளாஷுக்கு. மிச்ச ஷீட்டு எத்தனைன்னு காட்டற கவுண்டர்ல இப்ப மூணு காட்டுது. ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை வருது, அந்தப் பெரியவரு மாடு பாக்க அங்க வந்தாலும் வருவாரு. வந்தா இந்தவாட்டி அவரையும் சேத்து எடுக்கோணுமுங்க.