மூச்சு விடுகிற ஜாடி: கொரிய ஒங்கியை வாங்கும் முன்

முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் ஒங்கியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கொரியர்களின் புளிக்க வைத்த முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போட 5 லிட்டர் ஜாடி தேடுகிறவருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். கொரியாவின் பழைய வீடுகளில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து மேடை கட்டி, பழுப்பு நிறத்தில் வயிறு பெருத்த ஜாடிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். அவைதான் ஒங்கி. நம் காதில் ‘ஓங்கி’ என்று விழும். பெயர்ப் பொருத்தம்தான், தட்டித் தட்டித்தான் செய்கிறார்கள். இப்போது ‘மூச்சு விடுகிற ஜாடி’ என்று சொல்லி வெளிநாடுகளிலும் விற்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் ஒங்கி என்று விற்கிற எல்லாமும் மூச்சு விடுவதில்லை.

மண் கரடுமுரடானது, இரும்பும் மணலும் கலந்தது. 1,100 முதல் 1,200 டிகிரி வரை ஒரே தடவை சுடுகிறார்கள். சூளை சூடேறும்போது மண்ணுக்குள் கட்டுண்டிருந்த நீர் வெளியேறி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிற்கின்றன. மணல் இருப்பதால் மண் முழுக்க உருகி அந்தத் துளைகளை அடைத்துவிடுவதில்லை. காற்று போய்வரும், தண்ணீர் ஒழுகாது. மேலே பூசுவது இலைமட்கு மண்ணையும் மரச்சாம்பலையும் கரைத்த குழம்பு. அது மெல்லியதாக உட்கார்ந்து, எண்ணெய் தடவிய மரம் போல மங்கிய மினுக்கம் தரும். இந்த மங்கல்தான் அடையாளம். 20ஆம் நூற்றாண்டில் இந்தச் சாம்பல் பூச்சுக்குப் பதில் ஈயச் செந்தூரத்தைப் பூசிக் குறைந்த சூட்டிலேயே மினுக்கம் வரவழைத்தார்கள். விறகு மிச்சம், ஜாடி பளபள. ஆனால் துளையும் அடைபட்டது, புளித்த சாறில் ஈயம் இறங்கும் ஆபத்தும் வந்தது. பழைய பொருள் விற்கும் கடைகளில் அந்தக் காலத்து ஜாடிகள் இன்றும் கிடைக்கும். அழகாகவே இருக்கும். குடை செருக மட்டும் வாங்கலாம்.

மூச்சு விடுவதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பாரம்பரிய முறையில் செய்த ஒங்கிக்குள் சேர்ந்த கரியமில வாயு, இறுக மூடிய கண்ணாடி ஜாடியில் சேர்ந்ததில் பாதிக்கும் குறைவு. புளிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் தாங்கள் விடும் வாயுவிலேயே திணறிப்போகாமல் இருப்பதுதான் இதில் லாபம். கண்ணாடி ஜாடியில் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும். ஒங்கியில் அந்த வேலை இல்லை. நம் ஊறுகாய் ஜாடி போதாதா என்று கேட்பீர்கள். பீங்கான் ஜாடி உள்ளும் புறமும் கண்ணாடிப் பூச்சு. ஊறுகாய்க்கு அது சரி. கிம்ச்சிக்கு அது கண்ணாடி ஜாடியின் அண்ணன்தான்.

கடையில் இரண்டு சோதனை போதும். விரல் முட்டியால் வயிற்றில் தட்டினால் நின்று ஒலிக்க வேண்டும். ‘தொப்’ என்றால் எங்கோ மயிரிழை விரிசல். அடுத்து, ஜாடியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். அடிவட்டும் சுவரும் சேரும் இடத்தில்தான் முதலில் கீறும். மூடி கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை, அது காற்றுப் புகாமல் அடைப்பதற்காகச் செய்ததில்லை. கொரியாவில் வைக்கோலைக் கொளுத்தி, அதன் மேல் ஜாடியைக் கவிழ்த்துப் புகை எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். ஓட்டையும் தெரியும், உட்புறச் சுத்தமும் ஆகும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் வைத்து, இரண்டு மூன்று நாள் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். முதல் நாள் தாள் லேசாக ஈரமானால் பயப்பட வேண்டாம். சொட்டுச் சொட்டாக நின்றால் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஜாடி. பாத்திரம் கழுவும் சோப்பு கூடவே கூடாது. அது துளைக்குள் போய் உட்கார்ந்து, அடுத்த முறை போடும் கிம்ச்சியில் வாசனையாக வெளியே வரும். வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். வெந்நீர் என்றாலும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் குளிர்ந்த ஜாடி ‘டக்’ என்று பிளந்துவிடும். வெதுவெதுப்பில் தொடங்கிச் சூட்டை ஏற்றுங்கள்.

5 லிட்டர் ஜாடியை 4 லிட்டருக்கு மேல் நிரப்பக் கூடாது. 2 கிலோ எடையுள்ள சீன முட்டைக்கோஸ் இரண்டை உப்பில் ஊறவைத்துப் பிழிந்து மசாலா தடவினால் அந்த அளவுக்கு வரும். கழுத்து வரை நிரப்பினால் இரண்டாம் நாள் சாறு பொங்கி மூடி வழியாக இறங்கும். அலமாரி முழுக்கப் பூண்டு வாசனை. ஒவ்வொரு அடுக்கையும் முஷ்டியால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, மேலே வெளி இலைகளைப் போர்த்தி ஒரு பிடி உப்பு தூவுங்கள். 20 டிகிரி அறையில் ஒன்றரை நாள், பிறகு குளிர்பெட்டி. 30 டிகிரி வெக்கையில் அரை நாளே அதிகம். ஒங்கி சூட்டைத் தடுக்காது. ஜாடி மூச்சு விடுவதால் கோடையில் வெளியே வைத்தாலும் கெடாது என்று நினைப்பது பலர் செய்யும் தவறு.

சில வாரத்தில் வெளிப்புறம் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூக்கும். பூஞ்சை என்று நினைத்து ஜாடியைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அது உப்பு. உள்ளேயிருந்து ஊறி வந்த உப்புநீர் வெளிச்சுவரில் காய்ந்து நிற்கிறது, ஜாடி வேலை செய்கிறது என்று அர்த்தம். ஈரத்துணியால் துடைத்தால் போகும். துடைக்காமல் மாதக்கணக்கில் விட்டால்தான் துளை அடைபடும். பச்சையாகவோ மெத்தென்றோ இருந்தால் பூஞ்சை.

குறைகளும் உண்டு. நிரப்பிய ஜாடியை ஒரு கையால் தூக்க முடியாது. குளிர்பெட்டியின் கண்ணாடித் தட்டு அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு வையுங்கள். ஒரு ஜாடிக்கு ஒரு வேலைதான்: சோயா விழுது வைத்த ஜாடியில் கிம்ச்சி போட்டால் இரண்டும் கெடும். கடல் கடந்து வரவழைத்தால் கூலி ஜாடி விலையைத் தாண்டிவிடும். வாரத்துக்கு ஒரு சின்ன டப்பா கிம்ச்சி தின்கிற வீட்டுக்கு இது தேவையில்லை. கொரியர்களே பலர் 1990களின் நடுவில் பரவத் தொடங்கிய கிம்ச்சி குளிர்பெட்டிக்கு மாறிவிட்டார்கள்.

இனி வெளிநாட்டுக் குயவர்கள் செய்யும் ‘ஒங்கி பாணி’ ஜாடிகள். வெளிநாட்டில் கொரியப் பீங்கான் என்றதும் பேச்சு முழுநிலா போல உருண்ட வெள்ளை ‘நிலா ஜாடி’க்குப் போய்விடும். ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் 1935இல் சியோலில் வாங்கி, பின்னர் இன்னொரு குயவரான லூசி ரீயிடம் ஒப்படைத்த நிலா ஜாடி இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வேல்ஸில் ஆடம் பியூக் அதே உருண்டையை எடுத்துக்கொண்டு, தன் ஊர் மண்ணையும் கல்லையும் அதற்குள் சேர்த்துச் சுடுகிறார். அமெரிக்காவில் ஸ்டீவன் யங் லீ கொரிய வடிவ ஜாடிகளைச் சூளையிலேயே பிளந்து சரியவிட்டு, அந்தச் சரிவையே படைப்பாக்கினார். இவை பார்க்க வேண்டியவை. ஒங்கியின் கதை வேறு. அதைத் தேடிக் கொரியாவுக்குப் போனவர்கள் கற்றுக்கொண்டது உருவத்தை அல்ல, கைவேலையை.

அந்தக் கைவேலை இப்படி. சக்கரத்தில் சாம்பல் தூவி அடிவட்டு. தரையில் அறைந்து நீட்டிய மண்பட்டையை அதன் மேல் சுற்றி நிறுத்துவது தென்மேற்குக் கொரியாவின் ஜொல்லா பகுதி வழக்கம். வேறு பகுதிகளில் கயிறாகத் திரித்துச் சுற்றுவார்கள். உள்ளே ஒரு கட்டை, வெளியே ஒரு பலகை, இரண்டுக்கும் நடுவில் சுவரைத் தட்டி மெலிதாக்குவது. நம்மூர் வேளார் கல்லும் பலகையும் வைத்துப் பானை தட்டுவதைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல. பெரிய ஜாடியென்றால் உள்ளே தணல் சட்டியைத் தொங்கவிட்டுக் கீழ்ச்சுவரை விறைப்பாக்கியபின் அடுத்த பட்டை. பூச்சு ஈரமாக இருக்கும்போதே விரலால் இரண்டு வீச்சு, ஒரு புல்லோ ஓர் இலையோ. மொத்தமும் சில நொடி. யோசித்து வரைந்தால் அது செத்துவிடும்.

அமெரிக்கர் ஆடம் ஃபீல்ட் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாக கிம் இல் மான் என்ற ஒங்கி ஆசானிடம் இருந்து இதைக் கற்று, பட்டறைகளில் செய்து காட்டிவருகிறார். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் முயல்கிறவர்களுக்கு மூன்று இடத்தில் இடறும். வழவழப்பான கடை மண்ணை எடுப்பார்கள். மணலோ சுட்டமண் பொடியோ இல்லாததால் மூன்றாவது பட்டையில் இடுப்பு உட்கார்ந்துவிடும். கீழ்ப்பட்டை முழுக்கக் காய்ந்தபின் மேல்பட்டையை ஒட்டுவார்கள். உலரும்போது அந்த இணைப்பில் வட்டமாகக் கீறும். மூன்றாவது தவறு சூளையில்தான் தெரியும்: கல் போல இறுகும் பாண்டங்களுக்கு ஏற்றிப் பழகிய சூட்டுக்கே ஏற்றிவிடுவார்கள். மண் இறுகி, துளைகள் மூடி, உருவம் மட்டும் ஒங்கியாக வெளியே வரும்.

ஆகவே ஊருக்குள் ஒரு குயவரிடம் ஒங்கி பாணி ஜாடி வாங்குகிறீர்கள் என்றால், உள்ளே என்ன பூச்சு, எத்தனை டிகிரி சூடு என்று கேளுங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு, 1,200க்குள் என்றால் கிம்ச்சி போடலாம். 1,280 என்றால் பூ வைக்கலாம்.