ஐந்து நாள் எச்.ஐ.வி. தடுப்புப் பயிற்சி: ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியையின் அனுபவம்

ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கான எச்.ஐ.வி. தடுப்பு வாழ்க்கைத் திறன் பயிற்சிக்குப் போன மாதம் போய்வந்தேன். மொத்தம் 5 நாள், 30 பேர். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுப்பவர்கள். இது மாதிரி ஒரு பயிற்சிக்கு உங்களுக்கும் அழைப்பு வந்து, போவதா தட்டிக்கழிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 14 வருடங்களுக்கு முன்னால் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு நேரத்தில் ஒரு பையன் விழுந்து, முட்டி கிழிந்து, "டீச்சர்" என்று என் முன்னால் வந்து நின்றான். அவன் அப்பாவைப் பற்றி அரசல்புரசலாக ஒரு பேச்சு இருந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் என் கால் தானாக இரண்டடி பின்னால் போனது. "குழாயடியில போய்க் கழுவிக்கோ" என்றேன். அவனே போய்க் கழுவி, கைக்குட்டையை ஒரு முனை பல்லில் கடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அழவே இல்லை. அந்தக் கைக்குட்டையின் நீலக் கட்டம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பயிற்சிக்கு வருகிறேன். முதல் நாள் வீண். காலை முதல் மாலை வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எய்ட்ஸ் முதன்முதலில் பதிவானது 1981, கிருமியைக் கண்டுபிடித்தது 1983, பிறகு ரத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, மருந்துகளின் பெயர்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதில் எதைச் சொல்வது என்று ஒருவரும் பேசவில்லை. போதாததற்குச் சுவரில் மண்டை ஓடு போட்ட ஒரு படம். எய்ட்ஸ் என்றால் மரணம் என்று கீழே பெரிய எழுத்து. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து கேட்டுவிட்டேன். இன்றைக்குத் தினமும் மாத்திரை எடுத்துக்கொள்கிறவர்கள் மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழ்கிறார்கள். என் வகுப்பிலேயே வீட்டில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருகிற ஒரு பிள்ளை இருக்கலாம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அது வீட்டுக்குப் போய் அம்மா முகத்தை எப்படிப் பார்க்கும்? மறுநாள் அந்தப் படம் சுவரில் இல்லை. சொன்னதைக் காதில் வாங்கினார்கள், அதற்கு நன்றி.

இரண்டாம் நாள் வந்த கருத்தாளர்தான் பயிற்சியைத் தூக்கி நிறுத்தியவர். மேடையே ஏறவில்லை. எங்களை வட்டமாக உட்காரவைத்து, உடல் உறுப்புகளின் பெயர்கள், ஆணுறை, விந்து என்று சொற்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொருவராக எழுந்து சத்தமாக வாசிக்கச் சொன்னார். எங்களுக்குள் அடைப்பு எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. விவரம் எல்லோருக்கும் தெரியும், வாய்தான் திறக்கவில்லை. அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிற ஓர் அக்கா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், நின்றார், உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. நான்காம் நாள் அவராகவே எழுந்து வாசித்தார்.

இந்தச் சொற்களையெல்லாம் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லப்போகிறோமா என்று பயப்பட வேண்டாம். யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டுதல் 5 முதல் 8 வயது, 9 முதல் 12 வயது என்று வயதுக்கேற்றபடி பிரித்துத்தான் வைத்திருக்கிறது. என் உடல் என்னுடையது, பிடிக்காத தொடுதலுக்கு வேண்டாம் என்று சொல்லலாம், நோயுள்ளவரை ஒதுக்கக் கூடாது, இப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் பிள்ளை எதைக் கேட்டாலும் முகம் மாறாமல் இருக்க, ஆசிரியருக்கு அந்தச் சொற்கள் பழகியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் 'வேண்டாம்' சொல்லும் பயிற்சி. கருத்தாளர் தெரிந்த மாமாவாக நடித்தார், நான் பத்து வயதுப் பிள்ளை. கெஞ்சினார், பரிசு தருகிறேன் என்றார், "அம்மாகிட்ட சொல்லாதே, அவங்க வருத்தப்படுவாங்க" என்றார். மூன்றாவது முறை மறுப்பதற்குள் எனக்கே குரல் உள்ளே போய்விட்டது. வாழ்க்கைத் திறன் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பத்தும், அதாவது முடிவெடுப்பது, பிறர் நிலையை உணர்வது, மன அழுத்தத்தைச் சமாளிப்பது போன்றவை எல்லாமே, கரும்பலகையில் எழுதிப் போட்டு வருகிறவை அல்ல. பிள்ளை எழுந்து நின்று வாயால் சொல்லிப் பழக வேண்டும், ஆசிரியர் அதற்கு முன்னால் பழக வேண்டும்.

கேள்விப்பெட்டிதான் பயிற்சியிலேயே சிறந்த பகுதி. பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்விகளைச் சீட்டில் எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குக் கொசு கடித்தால் எச்.ஐ.வி. வருமா என்ற சீட்டு வந்தது. கொசு நம் உடம்புக்குள் விடுவது தன் உமிழ்நீரை, இன்னொருவர் ரத்தத்தை அல்ல, கிருமி கொசுவுக்குள் பெருகாது என்று விளக்கிக்கொண்டே போனேன். "எல்லாம் சரிதான் டீச்சர். ஆனா பிள்ளை கேட்டது வருமா வராதான்னு. முதல்ல 'வராது'ன்னு சொல்லிடுங்க" என்றார் கருத்தாளர். அடுத்த சீட்டு: "அம்மாவுக்கு இருந்தா எனக்கும் இருக்குமா?" அறை அமைதியாகிவிட்டது. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வாய்ப்பு, சிகிச்சை இருந்தால் 5 சதவீதத்துக்கும் கீழே. அது எங்களுக்கான கணக்கு. பிள்ளைக்கான பதில் வேறு: "எல்லாருக்கும் வராது. மருந்து இருக்கு, அம்மாவும் நல்லா இருக்கலாம், பிள்ளையும் நல்லா இருக்கலாம். பேசணும்னா எப்ப வேணும்னாலும் என்கிட்ட தனியா வா." வகுப்பில் பெட்டி வைக்கும்போது, எழுதியது யார் என்று தேடவே கூடாது. எல்லோரும் கட்டாயம் ஒரு சீட்டுப் போட வேண்டும், கேள்வி இல்லாதவர்கள் வெற்றுச் சீட்டு. அப்போதுதான் யாரும் தனியாகத் தெரியமாட்டார்கள்.

முதலுதவிக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். நான் போனதே அதற்காக. யாருக்கு என்ன இருக்கிறது என்று ஆசிரியர் அறிய வேண்டியதே இல்லை, எல்லா ரத்தத்துக்கும் ஒரே விதி. கையுறை போடு. கழற்றும்போது உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து எடு. சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. கையுறை இல்லையென்றால் சுத்தமான துணியைத் தடிமனாக மடித்துக் கொடுத்து, பிள்ளையையே அழுத்திப் பிடிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார். பக்கத்தில் உட்கார் என்று கருத்தாளர் சொன்னபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

குறைகள் இருக்கின்றன. கடைசி நாள் ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். 30 பேருக்கு நேரம் எங்கே இருக்கிறது? கடைசிப் பத்துப் பேருக்கு நான்கு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. முதல் நாள் திரையை அணைத்திருந்தால் அந்த நேரம் கிடைத்திருக்கும். கையேட்டில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு ஒரு செயல்பாடுகூட இல்லை. "இதையெல்லாம் ஏன் சொல்லிக்கொடுக்கிறீர்கள்" என்று சண்டைக்கு வரும் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு ஒரே ஒரு பக்கம். தலைமை ஆசிரியர்களை அழைக்கவே இல்லை. அவர்கள் துணை இல்லாமல் கால அட்டவணையில் இதற்கு ஒரு பாடவேளை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத்தான் தெரியும். முடிந்தபின் யாரும் வகுப்புக்கு வந்து பார்க்கவும் இல்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, போங்கள் என்றுதான் சொல்வேன். முதல் நாளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுப்பவர்கள் செயல்பாடுகளைக் கேட்டு வாங்குங்கள்.

என் வகுப்பில் இப்போது அலமாரிக்கு மேல் ஒரு கேள்விப்பெட்டி இருக்கிறது, அலமாரிக்குள் கையுறை இருக்கிறது. முதல் வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தபோது பாதிக்கு மேல் வெற்றுச் சீட்டு. கொசுவைப் பற்றி ஆறு. கடித்த பென்சிலைப் பற்றி இரண்டு. ஒன்றில் 'எங்க அம்மா' என்று எழுதி, அதன்மேல் கோடு போட்டு அடித்திருந்தது. எல்லாவற்றையும் மடித்து எடுத்து வைத்துவிட்டு, பெட்டியை அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.