ஐந்து ரோட்டு ஆங்கில வகுப்பில் ஒரு மாதம்

சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகே நடக்கும் பேச்சு ஆங்கில வகுப்பில் ஒரு மாதம் படித்தேன். வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு ஏழு மணி வகுப்பு வசதியானது.

'ஸ்ட்ரெஸ்', 'ஸ்ட்ரெயின்' என்ற இரண்டையும் ஒன்றாகவே புழங்கிவந்த எங்களுக்கு, செவ்வாப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் இழுக்கப்படும் வெள்ளிக் கம்பியை எடுத்துக்காட்டாக வைத்து ஆசிரியர் விளக்கிய விதம் மனத்தில் நின்றது. இழுவிசையைத் தாங்கும் கம்பிக்குள், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் எழும் எதிர்விசை ஸ்ட்ரெஸ். அதனால் கம்பி தன் பழைய நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறதோ அது ஸ்ட்ரெயின். முன்னதை பாஸ்கல் அலகில் அளப்பார்கள், பின்னதற்கு அலகே இல்லை. பள்ளியில் தகைவு, திரிபு என்று மனப்பாடம் செய்தவைதாம் இவை. அன்று இப்படி விளங்கவில்லை.

அன்றாடப் பேச்சில் கோடு இவ்வளவு துல்லியமாக இல்லை. மாதக் கடைசிக் கணக்கு தருவது ஸ்ட்ரெஸ். அதற்காகத் திரையையே பார்த்துக் கண் வலித்தால் அது ஸ்ட்ரெயின். 'ஐ ஆம் ஸ்ட்ரெஸ்ஃபுல்' என்று நான் சொன்னபோது, பிறருக்கு நெருக்கடி தருபவர் என்று பொருளாகிவிடும், 'ஸ்ட்ரெஸ்டு' என்க எனத் திருத்தினார்.

முப்பது பேருக்கு ஒரே ஆசிரியர் என்பதால் பேசிப் பழகும் வாய்ப்பு குறைவு. அச்சிட்ட பாடத்தாளில் பிழைகளும் உண்டு. கட்டணத்தைத் தவணையாக வாங்கினால் நன்று.