யார் சொல்லில் கவிதை? ஆய்வு வகுப்பில் நான் எடுத்த முடிவு

பண்புசார் ஆய்வு, அதாவது எண்களைவிட மனிதர்களின் பேச்சையும் அனுபவத்தையும் வைத்துச் செய்யும் ஆய்வு. அதன் முறைகளைச் சொல்லித்தரும் தாளில், களத்தில் கிடைத்ததைக் கவிதையாக எழுதுவதற்கு எனக்குக் கிடைப்பது மூன்று வகுப்பு. அதற்குள் இரண்டு வகையையும் சொல்லித்தர முடியாது. நேர்காணல் தந்தவரின் சொற்களை மட்டும் வைத்துக் கட்டும் கவிதை ஒன்று, களத்தில் தனக்கு நேர்ந்ததை ஆய்வாளரே எழுதும் கவிதை இன்னொன்று. நான் முதலாவதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது மாணவர்களுக்குப் பிடிக்கும், சீக்கிரமும் வந்துவிடும். சரி. ஆனால் ஒரு வரியைத் தொட்டு ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால் காட்ட முடிய வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். கொரின் க்ளெஸ்னி என்ற கல்வி ஆய்வாளர், புவேர்ட்டோ ரிக்கோவில் 80 வயதைத் தாண்டிய கல்வியாளர் ஒருவரின் பேச்சைக் கவிதையாக்கி 1997-ல் எழுதிய கட்டுரையில் விதியைத் தெளிவாக வைத்தார்: வரிசை மாறலாம், சொல் அவருடையதாகவே இருக்க வேண்டும். நான் கூடுதலாக, ஒவ்வொரு வரிக்கும் நேர்காணலின் எழுத்துப்படியில் அது வரும் பக்க எண்ணை ஓரத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்வேன்.

ஒரு மாணவி, உப்பளத்தில் வேலை செய்த பாட்டி ஒருவரின் பேச்சைக் கூலி, உடல்நலம், குடும்பம் என்று தலைப்பு வாரியாகப் பிரித்துக் குறித்து, அதாவது கோடிங் செய்து முடித்திருந்தார். கவிதைக்காக வரிகளை வெட்டி அடுக்கும்போதுதான், கூலிப் பேச்சு வந்த நான்கு இடத்திலும் அதை ஒட்டியே ‘அப்ப அவரு இருந்தாரு’ என்ற ஒரே வாக்கியம் வருவது அவர் கண்ணில் பட்டது.

விடியுமுன்ன போயிருவோம்
கால்ல புண்ணு, ஆறாது
அப்ப அவரு இருந்தாரு

அடுத்த வரி ‘கண்ணு கலங்குது’. ஓரத்தில் எண் இல்லை. ஒலிப்பதிவை மறுபடி போட்டுக் கேட்டார். பாட்டி அழவே இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “டீ குடிக்கிறியாம்மா” என்று கேட்டிருக்கிறார். அந்த வரியை அடித்துவிட்டு மாணவி இந்தக் கேள்வியை எழுதினார். கலங்கியது மாணவியின் கண். இரண்டாவது வகையில் அந்த வரி அப்படியே நின்றிருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதற்காக இரண்டாவதை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. ஒரே ஒரு பேட்சுக்குத்தான் அதை நடத்திப் பார்த்திருக்கிறேன். சொந்த ஊரையோ சொந்த வீட்டு இழப்பையோ ஆய்வு செய்கிறவர்களுக்கு அதுதான் பொருந்துமோ என்னவோ. அப்புறம், ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றால் ‘இருந்தாரு’வில் இருக்கும் அந்த மரியாதை மொழிபெயர்ப்பில் போய்விடுகிறது. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று வைக்கச் சொல்கிறேன். இதுவரை இரண்டு பேர் அப்படிச் சமர்ப்பித்திருக்கிறார்கள், ஒருவருக்குத்தான் வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்திருக்கிறது.