அபூர்வப் பாட்டு தேட எது உதவும்: இசைத்தட்டா, கேசட்டா, சிடியா, ஸ்ட்ரீமிங்கா?

பழைய பாட்டு தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ஆப் நல்லது என்றுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பாட்டு எதில் வெளியானது, எப்படி ஓரங்கட்டப்பட்டது? தட்டின் பின்பக்கத்தில் போனதா, எல்பியின் (பல பாட்டுகள் அடங்கும் பெரிய தட்டு) கடைசியில் ஒதுங்கியதா, கேசட்டோடு நின்றுவிட்டதா, உரிமைச் சிக்கலில் மாட்டி மறுவெளியீடே இல்லாமல் போனதா என்பதைப் பொறுத்துத் தேடும் இடம் மாறும்.

இசைத்தட்டு

வித்தியாசமான பாட்டு வேண்டுமென்றால் முதல் இடம், நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் 7 அங்குல 45 தட்டுக்குத்தான். ஆர்சிஏ விக்டர் 1949-ல் இதைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. முன்பக்கம் விற்க வேண்டிய சரக்கு. பின்பக்கத்தை எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும். விற்பனை பற்றிய கவலை இல்லாததால் இசைக்குழுக்கள் துணிந்து விளையாடிய இடம் அதுதான். குளோரியா கெய்னரின் 'ஐ வில் சர்வைவ்' 1978-ல் பின்பக்கப் பாட்டாகத்தான் வந்தது. டிஸ்கோ டிஜேக்கள் தட்டைத் திருப்பிப் போட்டதால் பிழைத்தது. திருப்பப்படாமலே போன தட்டுகள் எத்தனையோ. அதனால் 45 கையில் கிடைத்தால் முதலில் பின்பக்கத்தைக் கேளுங்கள்.

எல்பியில் நிலைமை வேறு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளி விளிம்பில் ஊசியின் அடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள்ளே லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ.க்கு இறங்கிவிடுகிறது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடக்க வேண்டியிருப்பதால் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ச' ஒலிகள் கரகரக்கும். இது தெரிந்தேதான் மெதுவான, அமைதியான பாட்டுகளைப் பக்கத்தின் கடைசியில் வைத்தார்கள். கேட்பவரோ அதற்குள் ஊசியைத் தூக்கிவிடுவார். கவனிக்கப்படாத பாட்டுகள் அங்கே குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கரகரப்பு இருந்தால் தட்டைக் குறை சொல்லும் முன், ஊசியைச் சரிசெய்யக் கோடு போட்ட அளவுத்தாள் வைத்து ஊசியின் கோணத்தைச் சரிபாருங்கள். ஊசி அழுத்தம் தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கட்டும். பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்களுக்கு (ஊசியைத் தாங்கும் பாகம்) அது 1.5 முதல் 2.5 கிராம் வரை. அழுத்தம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறான நம்பிக்கை. லேசான ஊசி பள்ளத்தில் துள்ளித்துள்ளிச் சுவரைச் சிதைக்கும்.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய 78 தட்டுகளை எல்பி ஊசியில் போடவே கூடாது. எல்பி ஊசி முனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78-க்கு வேண்டியது சுமார் 75 மைக்ரான். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடிவரை இறங்கி அங்கிருக்கும் அழுக்கைத்தான் வாசிக்கும். அரக்கில் செய்த இந்தத் தட்டை ஆல்கஹால் விட்டுத் துடைத்தால் மேற்பரப்பே கரைந்துவிடும். வடித்த நீரும் ஒரு சொட்டு மென்சோப்பும் போதும். இன்னொன்று, பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் அடங்கும் என்பதால் நீளமான பாட்டுகளை இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள். இணையத்தில் அரைகுறையாக முடியும் பல பாட்டுகளுக்கு மறுபாதி தட்டின் அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

லேபிளுக்கும் பள்ளத்துக்கும் நடுவே வெறுமையாக இருக்கும் வளையத்தில் கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணையும் (அந்தப் பதிவின் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். பாட்டின் பெயர் ஒன்றே, எண் வேறு என்றால், அது வேறு டேக்காகவோ (மறுமுறை பாடிப் பதிந்தது) வேறு ஒலிக்கலவையாகவோ இருக்கலாம். லேபிளில் அச்சிட்டிருப்பதைவிட இந்தக் கீறல் நம்பகமானது.

கேசட்

ஒலித்தரத்தில் கேசட் கடைசி இடம். பிலிப்ஸ் 1963-ல் அறிமுகப்படுத்திய இந்த நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. மட்டுமே ஓடுகிறது, இரைச்சல் இல்லாமல் இருக்காது. ஆனாலும் சிறு லேபிள்கள் கேசட்டில் மட்டும் வெளியிட்ட பாட்டுகளுக்கு வேறு கதி கிடையாது. எழுபதுகளின் பிற்பகுதி முதல் தொண்ணூறுகள் வரையுள்ள காலத்துக்கு, தரத்தை மறந்துவிட்டு இங்கே வந்துதான் ஆக வேண்டும்.

கிடைத்ததும் பிளே பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுற்றுகள் தளரும். உள்ளே, நாடாவை வாசிக்கும் ஹெட்டுக்கு எதிரே ஒரு சின்ன ஃபெல்ட் பட்டை இருக்கும். அது விழுந்திருந்தால் ஒலி ஏறி இறங்கும், உயர் ஸ்வரங்கள் மங்கும். ஐந்து திருகு உள்ள நல்ல கூடு ஒன்றில் நாடாவை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

பலர் 'கேசட் செத்துவிட்டது' என்று தூக்கிப்போடுவது பெரும்பாலும் அசிமத் கோளாறுக்காக. பதிந்த ஹெட்டின் சாய்வும் வாசிக்கும் ஹெட்டின் சாய்வும் ஒத்துப்போகாவிட்டால் கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கும். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகின் இப்போதைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, ஒலியை மோனோவுக்கு மாற்றிவிட்டு, மெதுவாகத் திருகுங்கள். உயர் ஒலி பளிச்சென்று திறக்கும் இடம் தெரியும். கால் சுற்றுக்கு மேல் போக வேண்டியிருக்காது. மோனோ ஏனென்றால், சாய்வு தவறினால் இடதும் வலதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வது அதில்தான் தெளிவாகக் கேட்கும். வேலை முடிந்ததும் திருகைப் பழைய குறிக்கே கொண்டுவந்துவிடுங்கள், இல்லையென்றால் மற்ற கேசட்டெல்லாம் மங்கும்.

சிடி

சிடியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொகுப்பு சிடிகள் வசதிதான். ஆனால் அதே பாடகரே பல ஆண்டு கழித்துப் புதிதாகப் பாடிக்கொடுத்ததை 'ஒரிஜினல்' போல விற்றவை நிறைய. பாட்டின் நீளம் மூலத்தட்டில் உள்ளதிலிருந்து பத்து விநாடிக்கு மேல் வேறுபட்டால் சந்தேகப்படுங்கள்.

ஸ்ட்ரீமிங்கும் பதிவேற்றங்களும்

ஸ்ட்ரீமிங் கண்டுபிடிக்க உதவுவதைவிட, கண்டுபிடித்ததைத் தொடரத்தான் உதவும். பரிந்துரை இயந்திரம் மற்றவர்கள் சேர்த்துக் கேட்டதை வைத்தே நகர்கிறது. யாருமே கேட்காத பாட்டை அது எதோடு சேர்க்கும்? மரியா டகெயுச்சியின் 1984-ம் ஆண்டுப் பாட்டு 'பிளாஸ்டிக் லவ்', 2017-ல் யூடியூபில் ஏறிய ஒரு பதிவேற்றத்தால் உலகம் சுற்றியது உண்மை. ஆனால் அந்த ஒரே பாட்டுத்தான் எல்லோருக்கும் 'அபூர்வக் கண்டுபிடிப்பாக' வந்து சேர்ந்தது.

ஆண்டு வரம்பு வைத்துத் தேடும்போதும் கவனம் வேண்டும். அங்கே காட்டும் ஆண்டு பெரும்பாலும் மறுவெளியீட்டின் ஆண்டு. 1968 பாட்டு 2005 என்று கிடக்கும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் ஐஎஸ்ஆர்சி அடையாளக் குறியீட்டில் உள்ள இரண்டு இலக்க ஆண்டும் குறியீடு ஒதுக்கப்பட்ட ஆண்டுதான், பாடிய ஆண்டு அல்ல. டிஸ்காக்ஸ், மியூசிக்பிரெயின்ஸ் போன்ற இசைத் தகவல் தளங்களில், பிடித்த பாட்டின் இசைக்கோர்ப்பாளர் அல்லது ஒரு வாத்தியக்காரர் பெயரைப் பிடித்து, அவர் அதே இரண்டு மூன்று வருடத்தில் வேறு யாருக்கு வாசித்தார் என்று பாருங்கள். பாடகர் பெயரில் தேடினால் ஏற்கெனவே தெரிந்ததுதான் வரும். பெயர்களை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுப் பார்ப்பதும் அவசியம்.

தனியார் பதிவேற்றங்களில் வேறெங்கும் கிடைக்காதது கிடைக்கும். ஆனால் அவற்றின் வேகத்தை நம்பாதீர்கள். வேகம் 6 சதவீதம் தவறினால் சுருதி அரை ஸ்வரம் நகர்ந்துவிடும், பாடகரின் குரலே வேறாகத் தெரியும். 78 தட்டுகளுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவில் உள்ள பெரிய தொகுப்பு மேல். அங்கே பல தட்டுகளை வெவ்வேறு தடிமனுள்ள நான்கு ஊசிகளால் பதிந்து வைத்திருக்கிறார்கள், எந்த ஊசி சுத்தமாகக் கேட்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

எதிலிருந்து எடுத்தாலும் கணினியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்தர அமைப்பில் பதிந்து, இரைச்சல் நீக்காத கோப்பைத் தனியே வையுங்கள். கோப்பின் பெயரில் லேபிள், தட்டு எண், மேட்ரிக்ஸ் எண், எந்தப் பக்கம் என்பது இருக்கட்டும். பின்பக்கம் எவ்வளவு சுமாராக இருந்தாலும் அதையும் பதிந்துவிடுங்கள்.